டீச்சரின் சுருதியை நான் இறக்கிய கதை

"எத்தனை கட்டைம்மா?" என்று மிருதங்கக்காரர் போனில் கேட்டார்.

"அஞ்சரை," என்றார் கமலா டீச்சர். கொஞ்சமும் யோசிக்கவில்லை. வகுப்பில் பேர் கூப்பிடுகிற மாதிரி கணீரென்று சொன்னார்.

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தவள் நான்தான். போனைக் காதில் வைத்தால் அவருக்குக் காது சுடுமாம். என் கையில் ஒரு டம்ளர் மோர் இருந்தது. அதைக் கீழே வைக்க இடம் தேடினேன். மேசை என் எதிரிலேயே இருந்தது.

"அஞ்சரைக்கு வாத்தியம் எடுத்துட்டு வந்துடறேன்மா. அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல ஒம்போதரைக்கெல்லாம் மண்டபத்துல இருப்பேன்."

"வயலின் வாசிக்கிற பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க தம்பி. அஞ்சரை."

பேசி முடித்ததும் டீச்சர் முகமெல்லாம் சிரிப்பு. "மூணு வருஷம் கழிச்சு மேடை ஏறப்போறேன், பாக்கியம்," என்றார்.

"ஆமாங்க டீச்சர்," என்றேன்.

டீச்சர் ஐந்தரைக் கட்டையில் பாடி அப்போதே மூன்று மாதம் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

புள்ளி இல்லாத கோலம்

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தைப் பிரிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பேர் தனபாக்கியம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மூன்று மாடிக் கட்டடத்தில் தரைத்தளத்தில் இருக்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. நாலு பேர் கூடினால் எனக்கு வாய் திறக்காது. போனிடம் மட்டும் நாள் முழுக்கப் பேசுவேன். இதைக்கூடப் பேசித்தான் எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல அது எழுதும். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாகத் திருத்துவேன்.

என் மகன் துவாக்குடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறான். அவன் புது போன் வாங்கியபோது பழையது என்னிடம் வந்தது. "பேச மட்டும் வச்சுக்கம்மா, வேற எதையும் தொட்டுடாதே" என்று சொல்லிக் கொடுத்தான். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் தொட்டுவிட்டேன்.

மழை வருமா என்று சொல்லும் ஆப், மாத்திரை வேளைக்கு மணியடிக்கும் ஆப், இலையைப் படம் பிடித்தால் செடியின் பேர் சொல்லும் ஆப் என்று ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டேன். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்வது ஒன்று உண்டு. அந்த எண் ஏறுவதைப் பார்ப்பதற்காகவே கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில், வாட்ச்மேன், "ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

கமலா டீச்சர் முதல் மாடி. அரசுப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவரிடம் இருந்த மின்சாரச் சுருதிப்பெட்டி ஒரு நாள் புகைந்து நின்றுபோனது. ரிப்பேருக்குக் கொடுத்ததில், போனபடியே திரும்பி வந்தது. அப்போதுதான் நான் என் போனில் சுருதிப்பெட்டி ஆப் ஒன்றை ஏற்றி, மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சர் கேட்டுவிட்டு, "அட, தம்பூரா மாதிரியே இருக்கே!" என்றார். மறுநாளிலிருந்து தினமும் நாலு மணிக்கு என் வீட்டுக்கு இறங்கி வந்துவிடுவார். ஒரு மணி நேரம் பாடுவார். நான் போனைப் பார்த்துக்கொள்வேன், பாட்டைப் பதிவும் செய்துவைப்பேன்.

பாடுகிறவர்கள் ஆளுக்கு ஒரு சுருதி வைத்திருப்பார்கள். அதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். எண் இறங்கினால் சுருதியும் இறங்கும். டீச்சருக்கு இருபது வயதிலிருந்தே ஐந்தரை. என் ஆப்பில் கட்டை கிடையாது. இங்கிலீஷ் எழுத்துதான். எனக்கு அந்த எழுத்தெல்லாம் ஓடாது, படமாகத்தான் மனசில் நிற்கும். ஐந்தரைக்கு ஒரு எழுத்தும், அதன் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடும். புள்ளி வைக்காமல் போட்ட சின்னக் கோலம் மாதிரி இருக்கும். அந்தக் கோலத்துக்குக் கீழே ஒரு கோடு, கோட்டின் மேல் குண்டுமணி அளவில் ஓர் உருண்டை. உருண்டையைத் தள்ளினால் சுருதி எள்ளளவு ஏறும், எள்ளளவு இறங்கும்.

எல்லாம் அந்த உருண்டையால் வந்தது.

ஒத்துக்காரர்

எனக்கு ராகம் தெரியாது. கல்யாணிக்கும் மோகனத்துக்கும் வித்தியாசம் கேட்டால் விழிப்பேன். ஆனால் சுருதி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது சமயபுரத்தில். கல்யாணமான புதிது. திருவிழாக் கூட்டத்தில் நாதஸ்வரக் கோஷ்டியின் பக்கத்தில் மாட்டிக்கொண்டோம். முன்னால் இரண்டு பேர் விரல் பறக்க வாசிக்கிறார்கள். பின்னால் ஒருத்தர் கன்னம் உப்ப ஒரே ஒரு ஸ்வரத்தை ஊதிக்கொண்டே இருக்கிறார். ஒத்து என்று அதற்குப் பேர்.

"பாவம், அவருக்கு வாசிக்கத் தெரியாதா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"அவரு நிறுத்தினாருன்னா மத்த ரெண்டு பேரும் நிக்க இடமில்லாம தவிப்பாங்க பாரு," என்றார் அவர்.

அன்று முழுவதும் நான் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என் சுபாவத்துக்கு அப்படி ஒரு வேலைதான் சரிப்படும் என்று தோன்றியது.

புடவைத் தலைப்பு செய்த வேலை

மூன்று வருஷத்துக்கு முன்பு எங்கள் தெரு மகளிர் மன்றத்தின் ஆண்டு விழாவில் டீச்சர் பாடினார். சரணத்தில் மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி முயன்றார், மறுபடி உடைந்தது. பாட்டைப் பாதியில் நிறுத்தி, சபையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும், "சளி," என்பார். மூன்று வருஷமாக அவருக்குச் சளி.

என் வீட்டிலும் அந்த இடம் வரும்போதெல்லாம் உடையும். நான் போனைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொள்வேன். டீச்சர் "ம்க்கும்" என்று தொண்டையைச் செருமிவிட்டு வேறு பாட்டுக்குப் போய்விடுவார். இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசியதே இல்லை.

மாசி மாசத்தில் ஒரு நாள், போன் கண்ணாடியில் தோசைமாவு பட்டிருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு வைத்தேன். டீச்சர் பாடினார். அந்த இடம் வந்தது. குரல் உடையவில்லை. ஓரமாகக் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நின்றது.

டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "பாக்கியம், கேட்டியா?"

"கேட்டேங்க டீச்சர்."

"தொண்டை திறந்துடுச்சுடி!"

அவர் என்னை "டி" போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் போன பிறகு பார்த்தால், உருண்டை கோட்டின் கீழ்ப்பக்கம் சரிந்து கிடந்தது. நான் துடைத்தபோது நகர்ந்திருக்கிறது.

மறுநாள் அதைப் பழைய இடத்தில் வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.

வாரத்துக்கு இரண்டு தடவை, எள்ளளவு எள்ளளவாக இறக்கினேன். உருண்டை கோட்டின் அடியைத் தொட்டதும் வழியில்லையே என்று தவித்தேன். பிறகு ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். எழுத்தை ஒரு படி கீழே மாற்றி, உருண்டையை மறுபடி உச்சியில் வைத்தால் சத்தம் மாறாமல் அப்படியே இருக்கிறது. அங்கிருந்து மறுபடி இறக்கிக்கொண்டு வரலாம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குரல் எங்கே நிற்கிறது என்று முள் காட்டுகிற இன்னொரு ஆப்பையும் ஏற்றிக்கொண்டேன். பதிவு செய்துவைத்த பாட்டை, டீச்சர் போன பிறகு அந்த முள்ளிடம் போட்டுக் காட்டுவேன். முள் நடுவில் நின்று பச்சையானால் எனக்கு வயிறு குளிரும்.

அவருடைய நல்லதுக்குத்தான் செய்தேன் என்று இங்கே எழுதலாம். பாதி உண்மை. மீதி என்னவென்றால், முப்பத்தைந்து வருஷம் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒருவரின் குரல் என் விரல் நுனியில் ஏறுவதும் இறங்குவதும் எனக்குப் பிடித்திருந்தது.

சித்திரை பிறப்பதற்குள் நாலரைக் கட்டைக்கு வந்துவிட்டோம். முழுசாக ஒரு கட்டை. டீச்சர் மேல் ஸ்வரத்தில் போய் நின்று, அங்கேயே கொஞ்சம் உலாவிவிட்டு வந்தார். மகளிர் மன்றத்தில் இந்த வருஷ விழாவுக்குக் கூப்பிட்டபோது, சளி என்று சொல்லவில்லை. "பாடறேன்," என்றார். "பக்கவாத்தியத்தோட பாடறேன்."

பக்கவாத்தியத்தை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஐந்து தடவை அழித்தது

வயலின்காரர் கம்பியை முறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்துகொள்வார். மிருதங்கம் அப்படியில்லை. அதன் வலது பக்கம் பாடுகிறவரின் சுருதியில் பேச வேண்டும். கல்லால் தட்டித் தட்டி அரைக் கட்டை ஏற்றலாம், இறக்கலாம். அதற்கு மேல் என்றால் வேறு மிருதங்கம்தான் எடுத்துவர வேண்டும். அதனால்தான் முதல் கேள்வியே எத்தனை கட்டை என்பது.

அவர் ஐந்தரைக்கு எடுத்துவந்தால், டீச்சர் ஐந்தரையில்தான் பாடியாக வேண்டும். அதே மண்டபம், அதே ஜனங்கள். மறுபடி குரல் உடைந்தால் டீச்சர் அப்புறம் எங்கும் பாடமாட்டார். சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், அப்போதும் பாடமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டு தடவை மாடி ஏறினேன். முதல் தடவை கறிவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். இரண்டாவது தடவை, "கறிவேப்பிலையா மறுபடியும்? என்ன சமைக்கறே?" என்று டீச்சர் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க," என்று இறங்கிவிட்டேன்.

எனக்கு நேரில் வராது, போனில்தான் வரும். வாய்ஸ் மெசேஜ் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினேன். கேட்டுப் பார்த்தேன், அழித்தேன். ஐந்து தடவை அழித்தேன். ஆறாவதாக அனுப்பியது இவ்வளவுதான்: "டீச்சர், நான் பாக்கியம் பேசறேன். மாசி மாசத்துலேருந்து சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிட்டேங்க. நீங்க இப்ப பாடறது அஞ்சரை இல்லீங்க, நாலரை. மிருதங்கக்காரர்கிட்ட சொல்லிடுங்க. தப்புதாங்க."

இரண்டு டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நீலமானது. மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

அன்று நாலு மணிக்கு டீச்சர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் டம்ளர்களைக் கழுவி, கழுவின டம்ளர்களையே மறுபடி கழுவினேன்.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலையில், கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நின்றார்.

"எவ்வளவு இறக்கினே? ஒரு கட்டையா?"

"ஆமாங்க."

"எனக்குத் தெரியாம ஒரு கட்டை எப்படி இறக்குவே?"

"ஒரேயடியா இல்லீங்க டீச்சர். கொஞ்சம் கொஞ்சமா..."

"பால்ல தண்ணி ஊத்தற மாதிரி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தனை பிள்ளைங்களுக்குச் சுருதி சேக்கச் சொல்லிக்குடுத்திருக்கேன் தெரியுமா? காதைத் திருகிச் சொல்லிக்குடுத்திருக்கேன். என் சுருதியை ஒரு அஞ்சாங்கிளாஸ் இறக்கியிருக்கு, எனக்கே தெரியலை. தொண்டை திறந்துடுச்சுன்னு மருமககிட்ட வேற போன் பண்ணிச் சொன்னேன். வெல்லம் போட்டுப் பொங்கல் வச்சேன். அதை நீயும் தின்னே!"

தின்றேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கியும் தின்றேன்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "பதிவு பண்ணி வச்சிருப்பியே. போடு," என்றார்.

என் போனில் ஒவ்வொரு நாள் பாட்டும் தேதி போட்டு இருக்கிறது. தை மாசத்துப் பதிவு ஒன்றைப் போட்டேன். அந்த இடம் வந்து குரல் உடைந்தது. நான் நிறுத்தப் போனேன். "நிறுத்தாதே," என்றார். முழுசாகக் கேட்டார். பிறகு போன வாரத்துப் பதிவைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல் மட்டும் நாற்காலிக் கையில் தாளம் போட்டது.

"மொதல்ல போட்டியே, அதை மறுபடி போடு."

போட்டேன்.

"யாருடி இது, இப்படிக் கத்தறது?" என்றார். சிரித்தாரா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு தன் போனை எடுத்தார். ஸ்பீக்கர் பொத்தானை அவரே தேடி அழுத்தினார்.

"தம்பி, நாலரைக்கு வாத்தியம் எடுத்துட்டு வாங்க."

"போன வாரம் அஞ்சரைன்னு சொன்னீங்களேம்மா?"

"போன வாரம் சொன்னேன். இந்த வாரம் நாலரை. வயசாகுது இல்ல?"

மிருதங்கக்காரர் சிரித்துவிட்டு, "சரிங்கம்மா, வயலினுக்கும் சொல்லிடறேன்," என்றார். அவ்வளவுதான். உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இதற்காகவா நான் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தேன் என்று இருந்தது.

ஆனால் டீச்சர் போகும்போது போனை என்னிடம் நீட்டினார். "அந்தச் சுருதிப்பெட்டியை இதுல ஏத்திக் குடு. இனிமே நானே வச்சுக்கறேன்."

ஏற்றிக் கொடுத்தேன். நாலரைக்கு எந்த எழுத்து என்று காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்துக்கொண்டார். அன்று நாலு மணிக்கு மாடியில் அவர் பாடுவது கேட்டது. என் தலைக்கு மேலே, கூரைக்கு அந்தப் பக்கம். மறுநாளும் அப்படியே. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

மண்டபத்தில்

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் வரிசையில், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தூண் மறைக்கிற இடம், எனக்குத் தோதான இடம். டீச்சர் அரக்கு நிறப் பட்டு உடுத்தியிருந்தார். தன் போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியைப் போட்டு, குனிந்து, ஒரு விரலால் தொட்டார். சுருதி எழுந்தது. மிருதங்கக்காரர் வலது பக்கம் ஒரு தட்டு தட்டினார். சேர்ந்துவிட்டது.

எனக்குச் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. கை சும்மா இருந்ததால் புடவைக் கொசுவத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தேன். பதிவு செய்யவில்லை, முள்ளைப் பார்க்கவில்லை. வீட்டில் ஒரு கஜ தூரத்தில் கேட்டபோது, குரலில் உடையப்போகிற இடத்தை மட்டும்தான் காதில் வாங்கிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அன்றுதான் மற்ற இடமெல்லாம் கேட்டது. டீச்சர் ஒரு சொல்லை மூன்று தடவை பாடினால் மூன்று தடவையும் வேறாக இருந்தது. கீழ் ஸ்தாயியில் அவர் குரல், பித்தளைக் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. வயலின் வாசித்த பெண் அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

இரண்டாவது பாட்டில் நடுவே என்னவோ உறுத்தியது. சுருதி சரியாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு ஓட்டமாக ஓடியது. மிருதங்கக்காரர் பின்னாலேயே விரட்டிக்கொண்டு போனார். பதற்றம். சரணத்துக்கு வரும்போது டீச்சர் ஒரு நிதானத்துக்கு வந்துவிட்டார்.

அந்த மேல் இடம் கடைசிக்கு முந்தின பாட்டில் வந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். இறங்கி வரும்போது ஜனங்கள் கை தட்டினார்கள். பாட்டு முடிவதற்குள்ளேயே தட்டினார்கள்.

கச்சேரி முடிந்ததும் பின்னால் சுண்டலும் காப்பியும் கொடுத்தார்கள். டீச்சரைச் சுற்றிக் கூட்டம்.

"அமர்க்களம் டீச்சர்!"

"அந்தக் குரல் அப்படியே இருக்கு!"

"அப்படியே ஒண்ணும் இல்லை, ஒரு கட்டை இறங்கியிருக்கு," என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் இருந்த மூலைக்கு வந்தார். நாலு பேர் கூடவே வந்து நின்றார்கள்.

"நீ சொல்லு. எப்படி இருந்துது?"

எனக்கு வாயில் சுண்டல். நாலு பேரும் என்னையே பார்க்கிறார்கள். "நல்லா இருந்துதுங்க" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் தினம் சொல்லிப் பழகிய வார்த்தை. அதைச் சுண்டலோடு சேர்த்து விழுங்கினேன்.

"ரெண்டாவது பாட்டு," என்றேன். "நடுவுல ஓடிட்டீங்க டீச்சர்."

ஒரு அம்மாள், "ஐயோ, அதெல்லாம் இல்லவே இல்லை!" என்றாள். டீச்சர் அவள் பக்கம் திரும்பவில்லை.

"எந்த இடத்துலேருந்து?" என்று என்னைக் கேட்டார்.

"அனுபல்லவி ரெண்டாம் தடவை எடுத்தீங்களே, அங்கேருந்துங்க."

"ம். எனக்கும் தெரிஞ்சுது," என்றார் டீச்சர். "நீ சொல்றியான்னு பாத்தேன்."

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து என் கையில் வைத்தார். "காலைலேருந்து ஏதோ அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணுன்னு கேக்குது. என்னன்னு பாரு. நாளைக்கு நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்."

இரண்டடி போய்விட்டுத் திரும்பினார்.

"கட்டைல மட்டும் கை வச்சே, பாத்துக்க."